சனிக்கிழமை கிழக்கே சூலம்: ரயில் பாஸை நம்பிப் பாரிஸிலிருந்து ஃப்ரைபுர்க் போன கதை

ஐரோப்பிய ரயில் பாஸைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். பாஸ் கையில் இருந்தால் போதும், பிடித்த ரயிலில் ஏறிப் பிடித்த ஊரில் இறங்கலாம் என்கிறார்கள். அவர்களில் ஒருவராவது என் கையில் அகப்பட்டால் உட்கார வைத்து நாலு கேள்வி கேட்பேன். போன ஏப்ரலில் நானும் என் கணவரும் அந்தப் பாஸை வைத்துக்கொண்டு பாரிஸிலிருந்து ஜெர்மனியில் இருக்கும் ஃப்ரைபுர்க் நகரத்துக்குப் போனோம். மூன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டிய தூரம். எங்களுக்குப் பதினெட்டு மணி நேரம் ஆயிற்று. அதில் பாஸின் தப்பு எவ்வளவு, எங்கள் வீட்டுத் தப்பு எவ்வளவு என்பதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரர்கள். அப்பாவிடம் ஐந்து தறி இருக்கிறது. என் கணவர் அதில் ஒன்றில் நெய்துகொண்டு மற்ற நான்கையும் மேற்பார்வை பார்க்கிறார். நான் கம்ப்யூட்டரில் புடவைக்கு டிசைன் போடுகிறேன். என் கணவரை இந்தப் பதிவில் 'இவர்' என்றுதான் எழுதப் போகிறேன், பெயரைப் போட்டால் ஒரு வாரத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். புதுச்சேரியில் இருக்கும் ஓர் ஏற்றுமதிக்காரர் பாரிஸில் நடந்த ஜவுளிக் கண்காட்சியில் தறி ஓட்டிக் காட்ட இவரை அனுப்பினார். இவருக்கு டிக்கெட் அவர் செலவு, எனக்கு எங்கள் செலவு. கண்காட்சி வியாழக்கிழமையோடு முடிந்தது. அப்பாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அப்பாவுக்குத் தெரியாதது, ஃப்ரைபுர்க்கில் என் தங்கை கீதா இருக்கிறாள் என்பதற்காகத்தான் நான் இவரோடு கிளம்பினேன் என்பது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் டேனியலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். டேனியல் தென்னேரிப் பையன். கிறிஸ்தவக் குடும்பம், அவர் தாத்தா காலம் வரைக்கும் சொந்த நிலமில்லாமல் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்ல இந்த இரண்டில் ஒன்றே போதுமாக இருந்தது. கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. அதற்குப் பிறகு அப்பா அவள் பெயரைச் சொல்லிக்கூட நான் கேட்டதில்லை.

அப்படியிருக்கையில் கீதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கண்காட்சி முடிகிற அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி ஆராதனையில் குழந்தைக்கு ஞானஸ்நானம். அந்தச் சர்ச்சில் முன்வரிசையில் இடது பக்கம் குழந்தையின் அம்மா வீட்டுக்கு, வலது பக்கம் அப்பா வீட்டுக்கு என்று ஒதுக்கி அட்டை வைப்பார்களாம். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, என் பக்கத்து பெஞ்சு மட்டும் மொத்தமா காலியா கெடக்கும்க்கா. எல்லாரும் பாப்பாங்க. நீங்க ரெண்டு பேரு வந்து உக்காந்தா போதும், வேற எதுவும் வேணாம்."

அவள் அதற்கு முன்னால் என்னிடம் எதையும் கேட்டதில்லை. வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

இனி பாஸ் விவரம். நாங்கள் வாங்கியது ஒரு மாதத்துக்குள் நான்கு நாள் பயணம் செய்யும் பாஸ், இரண்டாம் வகுப்பு, ஆளுக்கு ஏறத்தாழ இருபத்தெட்டாயிரம் ரூபாய். நான்கு நாள் என்றால் தொடர்ந்து நான்கு நாள் இல்லை, எந்த நான்கு நாள் வேண்டுமோ அதை நாமே போனில் 'திறந்து'கொள்ள வேண்டும். ஒரு நாளைத் திறந்துவிட்டால் அன்று நடு இரவு வரைக்கும் எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம். நடு இரவு தாண்டினால் அந்த நாள் போயே போயிற்று. எங்கள் திட்டம்: சனிக்கிழமை பாரிஸிலிருந்து ஃப்ரைபுர்க், பிறகு இரண்டு நாள் சுவிட்சர்லாந்து மலைகளுக்குப் போய் வருவது, கடைசி நாள் பாரிஸுக்குத் திரும்புவது. கணக்கு இம்மி பிசகாமல் சரியாக இருந்தது.

இங்கேதான் முதல் எரிச்சல். பாஸ் இருந்தால் ரயிலில் இடம் உண்டு என்று அர்த்தமில்லை. பிரான்சில் அதிவேக ரயிலில் ஏற வேண்டுமென்றால், பாஸுக்குக் கொடுத்த பணம் போக, இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அதிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒரு ரயிலுக்குக் கொஞ்சம் இடம்தான் ஒதுக்குவார்கள். அது தீர்ந்துவிட்டால், மீதி ரயில் காலியாக ஓடினாலும் உங்களுக்கு இடம் கிடையாது. பிள்ளையார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு பத்து நாள் முயற்சி செய்தேன். வங்கி அட்டையை ஒருநாள் ஏற்காது, மறுநாள் பக்கமே திறக்காது, அதற்கு மறுநாள் பணத்தை எடுத்துக்கொண்டு டிக்கெட் வராது. கடைசியில் சனிக்கிழமை மாலை 3.55 ரயிலில் இரண்டு இருக்கை, ஆளுக்குப் பதினைந்து யூரோவுக்குக் கிடைத்தது. அதை வாங்கிய அன்று நான் கேசரி செய்தேன்.

இடம் கிடைத்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "ஃப்ரைபுர்க் பாரிஸுக்கு எந்தப் பக்கம்?"

கிழக்கே என்றேன். இவர் போய்க் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார். சனிக்கிழமை கிழக்கே சூலம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு திசைக்குச் சூலம் உண்டு, அந்தத் திசையில் அன்று பயணம் கூடாது. தினசரிக் காலண்டர் தாளிலேயே போட்டிருப்பார்கள், பரிகாரத்தோடு. எங்கள் ஆட்கள் தறியில் புதுப் பாவு நூல் ஏற்றுவதென்றாலும் நேரம் பார்ப்பார்கள், தண்ணீர் மோட்டார் வாங்கினாலும் நேரம் பார்ப்பார்கள். இவர் அதில் இன்னும் ஒரு படி மேல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே இருக்க வேண்டும், வேறு எந்த ரயிலிலும் இடமில்லை. அதனால் சனிக்கிழமைதான் போகிறோம், பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டேன். இவரும் சரி என்றார். இவர் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காஞ்சிபுரத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வாடகைக் கார், வளைகுடா வழியாகப் பாரிஸ், கண்காட்சி, இதெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வெள்ளிக்கிழமை காலை நான் கண் விழித்தபோது அறையில் எங்கள் பெரிய பையைக் காணோம். இவர் குளித்து விபூதி பூசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பை எங்கேங்க?"

"கீழ ரிசப்ஷன்ல வெச்சிக்கினு வந்தேன். நம்மூர்ல ஒம்பதரை, இங்க ஆறு. நல்ல நேரம். பரஸ்தானம் வெச்சாச்சு, இனிமே கவலையில்ல."

பரஸ்தானம் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். போக வேண்டிய நாளில் நேரம் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் நல்ல நேரம் பார்த்து ஒரு பையையோ துணியையோ வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் புறப்பட்டாயிற்று என்று கணக்கு. பிறகு எந்த நாளில் போனாலும் தோஷமில்லை. பாரிஸில் எங்களுக்கு வேறு வீடு கிடையாதே, அதனால் ஹோட்டல் வரவேற்பு மேசையை வேறு வீடாக ஆக்கிவிட்டார். அங்கே இருந்த பெண் நாங்கள் ஒரு நாள் முன்னதாகவே அறையைக் காலி செய்கிறோம் என்று நினைத்து எங்கள் கணக்கை முடித்துவிட்டாள். அதைச் சரி செய்ய எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மாற்றுத்துணி, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் பையில், வைத்த பையைக் கிளம்பும் முன் திறக்கக் கூடாதாம். அன்று முழுக்க முதல் நாள் போட்ட சுடிதாரோடு பாரிஸ் சுற்றினேன். ஆனாலும் சிரித்துக்கொண்டேன். இத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே ரயில் நிலையத்துக்குப் போய்விட்டோம். பாரிஸில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு பெரிய நிலையம் இருக்கிறது, எங்களுடையதன் பெயரே 'கிழக்கு நிலையம்'. அதைத் தெரிந்துகொண்டதும் இவர் முகம் வாடிவிட்டது. கிழக்குச் சூலத்துக்குப் பரிகாரம் தயிர் என்று காலண்டரில் போட்டிருக்கிறதாம், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவேன் என்று நிலையத்துக் கடையில் நுழைந்தார். கிண்ணத்தில் விற்றதில் எது தயிர் என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம். வாங்கி வந்ததைத் திறந்தால் ஸ்ட்ராபெரி. அதையும் பாதி சாப்பிட்டார்.

3.40க்கு நடைமேடை வாசலுக்குப் போனோம். அங்கே கதவு மாதிரி ஒரு தடுப்பு இருக்கிறது, போனில் இருக்கும் சதுரக் குறியைக் காட்டினால் திறக்கும். பாஸ் இரண்டும் இவர் போனில்தான், எனக்கு அந்த ஊர் சிம் வாங்கவில்லை. இவர் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி காட்டினார், மறுபடி சிவப்பு. பச்சைக் கோட்டுப் போட்ட ஊழியர் ஒருவர் வந்து போனை வாங்கிப் பார்த்தார். இந்தப் பாஸில் இன்றைய தேதி இல்லை, நேற்றுத்தான் திறந்திருக்கிறது, பாரிஸிலிருந்து ஃப்ரைபுர்க்குக்கு நேற்றே பயணம் முடிந்ததாகக் காட்டுகிறது என்று ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார். நான் இவரைப் பார்த்தேன்.

"நேத்து காலைல பொறப்பட்டாச்சேம்மா," என்றார் இவர். "பையை வெச்சிட்டு, போன்லயும் ஒரு அமுக்கு அமுக்கினேன்."

"பை சரி. போனை எதுக்குங்க அமுக்கினீங்க?"

"பை பொறப்பட்டு டிக்கெட்டு பொறப்படாம இருந்தா அது இன்னா பரஸ்தானம்?"

உலகத்தில் எத்தனையோ நாட்டுக்காரர்கள் இந்தப் பாஸை வாங்குகிறார்கள். ரயிலுக்குத் தாமதமாக வந்திருப்பார்கள், பாஸ்போர்ட்டைத் தொலைத்திருப்பார்கள். சூலத்துக்குப் பயந்து போனில் பரஸ்தானம் வைத்து ஒரு நாள் பாஸைச் சாம்பலாக்கியவர் எங்கள் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். ஆளுக்கு ஏழாயிரம் ரூபாய், இரண்டு பேருக்குப் பதினாலாயிரம்.

அதற்குக் கோபப்படவும் அப்போது நேரமில்லை. ஊழியர் பரவாயில்லை, இப்போதே இன்றைய நாளைத் திறந்துகொள்ளுங்கள் என்றார். போனைப் பிடுங்கினேன். ஊரைத் தேடு, ரயிலைத் தேர்ந்தெடு, பாஸோடு இணை, பாஸ்போர்ட் எண்ணைப் போடு, சரியா என்று கேட்கும், சரி, உண்மையிலேயே சரியா என்று கேட்கும். எனக்கு ஆயிற்று. இவர் பாஸுக்குப் போனேன். சக்கரம் மாதிரி ஒன்று சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த ஊரில் ரயில் புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்போதே வாசலை அடைத்துவிடுகிறார்கள். சக்கரம் நின்று குறி வந்தபோது 3.54. ரயில் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. ஊழியர் கையை விரித்தார். அந்த ஒரு நிமிடம் அது நின்றதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்தது டிக்கெட் அலுவலக வரிசை, நாற்பது நிமிடம். போய் நின்றால், பாஸ்காரர்களுக்கான இடம் திங்கட்கிழமை வரைக்கும் தீர்ந்துவிட்டது. முழு விலைக்கே தாருங்கள் என்றேன். பள்ளி விடுமுறை வாரம், இன்றைய ரயில்களில் இருப்பது முதல் வகுப்பில் ஒரே ஓர் இருக்கை என்றாள் அந்தப் பெண். விலையைச் சொன்னாள், அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

"நீ போம்மா," என்றார் இவர். "ஒருத்தர் போய் உக்காந்தாலும் போதும். நான் எப்பிடியாவது வந்துக்கினு இருக்கேன்."

"பாஸுக்குத்தான் எடமே இல்லையே. பாஷை தெரியாது. எப்பிடிங்க வருவீங்க?"

"அத வுடு. உன் தங்கச்சி உன்னதான் பாத்துக்கினு இருக்கும்."

"ரெண்டு பேரும்னு சொல்லிட்டேங்க."

நாங்கள் இப்படிப் பேசி முடித்துத் திரும்பினால், அந்த ஓர் இடத்தையும் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். கணினியைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கீதாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன், பரஸ்தானத்தை மட்டும் விட்டுவிட்டு.

"பரவால்லக்கா. நீங்க அவ்ளோ தூரம் வந்ததே போதும். மெதுவா வாங்க."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பரவாயில்லை என்று சொன்னதுதான் என்னை என்னவோ செய்தது.

நிலையத்தின் நடுவில் பையின் மேல் உட்கார்ந்து இவரை நான் என்ன சொன்னேன் என்பதெல்லாம் பதிவில் போடத் தகாது. தமிழ் யாருக்குப் புரியப் போகிறது என்ற தைரியத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில் மியுலூஸ் என்ற ஊரில் குடியிருக்கிறாள்.

"அக்கா, நீங்கள் ஏன் அந்த வேக ரெயினுக்கு அடிபடுறியள்? மெதுவாப் போற ரெயின் ஒண்டு இருக்கு, அதுக்கு சீட் பதியத் தேவையில்லை. உங்கட பாஸிலயே ஏறலாம். நாங்களும் அதிலதான் வீட்டை போறம்."

பத்து நாள் முயற்சியிலும் எனக்கு எந்தத் தளமும் இதைச் சொல்லவில்லை. ஊர் ஊராக நின்று போகும் வட்டார ரயில் அது. யாரும் பதிவு செய்ய வேண்டாம், யாரும் விரட்ட மாட்டார்கள். அடுத்தது 6.40க்கு இருந்தது. நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், மியுலூஸில் இறங்கி இரவு தங்கி, காலையில் சுவிட்சர்லாந்தின் பாசல் வழியாக ஃப்ரைபுர்க் போய்விடலாம் என்று வழி சொன்னாள். பாசலில் 8.28க்கு ரயில், 9.13க்கு ஃப்ரைபுர்க், அங்கிருந்து டிராமில் பத்து நிமிடம். ஆராதனை ஒன்பதரைக்கு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாஸில் இன்னொரு நாளைத் திறக்க வேண்டும். வெள்ளி வீண், சனி, ஞாயிறு, மிச்சம் திரும்பிப் போக ஒரு நாள். சுவிட்சர்லாந்து மலைகளுக்கு நிலையத்திலேயே கும்பிடு போட்டுவிட்டேன்.

அந்த ரயில் நன்றாகவே இருந்தது. அகலமான ஜன்னல், எதிரெதிர் இருக்கை, வெளியே மஞ்சள் பூத்த வயல்கள். எனக்குத்தான் ரசிக்கும் மனநிலை இல்லை. இரண்டு மணி நேரம் இவரோடு பேசவில்லை. இவர் அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்குக் கைவிரலில் நூல் கோத்துத் தறி ஓடுவதைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேணும்னேவா பண்ணேன்? மாமாவுக்குத் தெரியாம உன் தங்கச்சி வூட்டுக்குப் போறோம். வழியில நமக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னு வெச்சிக்கோ, அவள பாக்கப் போயி ஆச்சு, அவ ராசி அப்பிடின்னு அந்தப் பொண்ணு தலைலதான் கட்டுவாங்க. ஏற்கெனவே எத்தினி பேச்சு கேட்டுது அது. அதான் ஒண்ணுக்கு ரெண்டா காபந்து பண்ணிக்கினு போலாம்னு பாத்தேன்."

இவர் சொன்னது உண்மை. அப்படித்தான் பேசியிருப்பார்கள், யார் யார் பேசியிருப்பார்கள் என்று என்னால் பெயர் சொல்லவும் முடியும். இருந்தாலும் கோபம் முழுசாகப் போகவில்லை. பையில் இருந்த முறுக்கை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

மியுலூஸில் நிலையத்துக்கு எதிரிலேயே அறை கிடைத்தது, எண்பது யூரோ. ஞாயிறு காலை 7.50 ரயிலில் ஏறிப் பாசலில் இறங்கினோம். "இன்னிக்கு மேற்கேதான் சூலம், நாம வடக்கால போறோம், பயமில்ல," என்றார் இவர். சொல்லி வாய் மூடவில்லை, அறிவிப்புப் பலகையில் எங்கள் ரயிலுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் தாமதம் என்று வந்தது. அது இருபதாயிற்று. பிறகு நாற்பது. ஜெர்மனிக்காரர்கள் நேரம் தவறாதவர்கள் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த டீச்சரைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒன்பதரை மணி ஆனபோது நாங்கள் ரயிலுக்குள் உட்கார்ந்திருந்தோம். கீதாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆராதனை தொடங்கியிருக்கும். எனக்கு அந்த பெஞ்சு கண்ணுக்குள்ளேயே நின்றது.

சர்ச் வாசலுக்குப் போனபோது மணி பத்து பத்து. பெரிய பையை உருட்டிக்கொண்டு போனால் கல் தரையில் கடகடவென்று சத்தம் வந்ததால், இவர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். கதவைத் திறந்தோம். எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். குழந்தையின் தலை ஈரமாக இருந்தது. தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டார்கள்.

முன்வரிசையில் வலது பக்கம் டேனியலும் அவர் அலுவலக நண்பர்களும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இடது பக்கம் கீதா, மடியில் குழந்தை. அவள் பக்கத்தில் யாரோ இருந்தார்கள். பின்னாலிருந்து பார்த்தால் நரைத்த கொண்டை, நூல் புடவை, அதற்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், காலில் சாக்ஸோடு செருப்பு. பக்கத்தில் போனபிறகுதான் அது டேனியலின் அம்மா எஸ்தர் என்று தெரிந்தது, வீடியோவில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பிரசவம் பார்க்க இரண்டு மாதத்துக்கு முன்னால் தென்னேரியிலிருந்து வந்தவர். பெஞ்சில் மிச்சமிருந்த இடத்தில் தன் கைப்பையை ஓரிடத்திலும் குடையை இன்னோரிடத்திலும் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வாங்கம்மா, உக்காருங்க. உங்க எடம்தான்," என்றார் மெதுவாக. "யாரோ வந்து உக்காரப் பாத்தாங்க. ஆளு வருது, வந்துக்கினே இருக்குதுன்னு தமிழ்லயே சொல்லிட்டேன்."

எழுந்து வலது பக்கம் போகப் பார்த்தார்.

"நீங்க எங்கம்மா போறீங்க? உங்க புள்ள பக்கத்துல மொதல்லயே ஏன் உக்காரல?" என்றேன்.

"அவன் பக்கம் ஆளு கீறாங்க. இது பக்கம் யாருமே இல்லாம வெறிச்சுன்னு கெடந்தா, புள்ளைய வெச்சிக்கினு ஒண்டியா உக்காந்தா, பாக்க நல்லாவா இருக்குது? அதான் நான் பொண்ணு வூட்டுக்காரியா இந்தாண்ட வந்துட்டேன். இப்ப நீங்க வந்துட்டீங்க, நான் அந்தாண்ட போறேன்."

அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் முடியவில்லை. கீதா என்னைப் பார்க்கவே இல்லை, குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் தோள் குலுங்கியது. இவர் தலையில் இருந்த பையை இறக்க மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தார், பாதிரியார் கையைக் காட்டி உட்காரச் சொல்லும் வரைக்கும். ஒரே பெஞ்சில் நாலு பேரும் குழந்தையுமாக ஆராதனை முடியும் வரை இருந்தோம்.

இனி, இதே மாதிரி போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது. பாஸ் வாங்கும் முன் வரைபடத்தை எடுத்து, எந்த ரயிலுக்கு இருக்கைப் பதிவு கட்டாயம் என்று பாருங்கள். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பெரும்பாலும் வேண்டாம், பிரான்சிலும் இத்தாலியிலும் அதிவேக ரயில் என்றால் வேண்டும். வேண்டுமென்றால் எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு முன்னால் செய்துவிடுங்கள், பாஸ்காரர்களுக்கான இடம்தான் முதலில் தீரும். இரண்டு நாடு, ஒரு பயணம்தான் என்றால் பாஸே வேண்டாம், தனி டிக்கெட்டை முன்கூட்டி வாங்குவது மலிவு. நாங்கள் கடைசியில் கணக்குப் பார்த்தபோது பாதி விலைக்கு முடிந்திருக்கும். வட்டார ரயில் நேர அட்டவணையை மாற்று வழியாக எப்போதும் கையில் வைத்திருங்கள். பாஸை அவரவர் போனில் வையுங்கள், இருவருக்கும் உள்ளூர் சிம் வாங்குங்கள். வாசலை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள், தயிர் வாங்குவதாக இருந்தால் அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்களைப் பார்க்காதே என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் கேட்கவா போகிறீர்கள். பையை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வையுங்கள். பாஸில் அந்தப் பொத்தானை மட்டும் ரயில் ஏறுகிற அன்று, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், அமுக்குங்கள்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன். பாரிஸில்தான் இருக்கிறோம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாய் வரவில்லை. ஃப்ரைபுர்க்கில் இருக்கிறோம், கீதா வீட்டில் இருக்கிறோம் என்றேன். மறுமுனையில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவார் என்று பயந்து, ஒரே மூச்சில் சர்ச்சில் நடந்ததைச் சொல்லி முடித்தேன்: நாங்கள் தாமதமாகப் போனது, நம் பக்கம் உட்கார ஆளில்லாதது, டேனியலின் அம்மா எழுந்து வந்து பெண் வீட்டுக்காரியாக உட்கார்ந்தது. முடித்ததும் அப்பா கேட்டார்.

"அந்தம்மா பேரு இன்னா?"

"எஸ்தர்ப்பா."

"எப்போ ஊருக்குத் திரும்புறாங்க?"

"அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதிக்கு மேலப்பா. ஏன்?"

"கேட்டேன். வந்ததும் சொல்லு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

காஞ்சிபுரத்திலிருந்து தென்னேரி இருபது கிலோமீட்டர் சொச்சம். வாலாஜாபாத் வழியாகப் பேருந்து இருக்கிறது. முன்பதிவு எதுவும் தேவையில்லை.